கோப்பை அலமாரிக்கு அல்ல

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொன்று சேர்க்கிறார்கள். சிலர் தபால்தலை, சிலர் பழைய நாணயம், சிலர் மருந்துச் சீட்டு. நான் சேர்ப்பது கையால் செய்த பீங்கான் டீக் கோப்பைகள். கூடவே இரண்டு டீபாட். இதைச் சொன்னாலே நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீ குடிக்க எவர்சில்வர் டம்ளர் போதாதா? இதுக்குப் போய் யாராவது காசு செலவு பண்ணுவாங்களா?"

கேள்வி நியாயமானது. பதிலை ஒரே வரியில் சொல்ல முடியாததால் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கோப்பை வாங்க வேண்டும், நம் மாவட்டத்து மண்ணில், நம் பக்கத்துக் கைகள் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் தினமும் அதில் குடிக்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் அதிலேயே கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஏன் என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குப் பீங்கான் மேல் வந்த பற்று டீயால் வந்ததில்லை, கரண்டால் வந்தது. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக வெளியே வந்தவன் நான். அந்த வருஷங்கள் முழுக்கக் கையில் புழங்கியது பீங்கான்தான். கம்பத்தின் உச்சியில் பின் இன்சுலேட்டர், பெரிய லைனில் தட்டுத் தட்டாகத் தொங்கும் டிஸ்க், வீட்டு மீட்டர் பலகையில் ஃபியூஸ் கேரியர். பழைய லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்கு முதல் வாரமே ஒரு பாடம் சொன்னார்: "தம்பி, மாட்டறதுக்கு முன்னாடி தட்டிப் பாரு. மணி மாதிரி கேட்டா மேலே ஏத்து. தப்புன்னு கேட்டா கீழே போடு." கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடும். இன்றைக்கும் கடையில் ஒரு கோப்பையை எடுத்தால் முதலில் விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அந்த வாரங்களில் வயல் சேற்றிலிருந்து இன்சுலேட்டர்களைப் பொறுக்கி எடுத்தோம். பல வருஷ வெயில், மழை, கடலோரத்து உப்புக் காற்று எல்லாவற்றையும் பார்த்த சாமான்கள் அவை. சேற்றைக் கழுவியதும் நேற்றுச் சூளையிலிருந்து வந்ததுபோல் மின்னின. இரும்புக் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, பீங்கான் அப்படியே இருந்தது. களிமண்ணை நெருப்பில் ஒழுங்காக வேகவைத்தால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது.

அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வெகுதூரம் போகவேண்டியதில்லை.

எங்கள் வளையமாதேவிப் பக்கத்தில் மண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால், ஏக்கருக்கு எவ்வளவு என்ற இடத்தில்தான் போய் முடியும். 2023 ஜூலையில் கதிர் வரும் நேரத்தில் நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த வழக்கையும் வாதத்தையும் இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால், மேலே கிடக்கும் மண்ணை ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு அகற்ற வேண்டும். சுரங்கக்காரர்களின் கணக்கில் அது மேல்மண், வழியில் கிடக்கும் தடை. ஆனால் அந்த மண்ணில் மணலும் செம்மண்ணும் மட்டும் இல்லை. பட்டை பட்டையாக வெள்ளைக் களிமண்ணும் இருக்கிறது. நெய்வேலியின் ஆரம்பகாலத் திட்டங்களில் சுரங்கம், அனல் மின்நிலையம், உர ஆலை, லெக்கோ தயாரித்த ஆலை ஆகியவற்றோடு களிமண்ணைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆலையும் ஒன்று. லெக்கோ அடுப்பில் டீ போட்டுக் குடித்தவர்களுக்கு லெக்கோ நினைவிருக்கும். களிமண் ஆலையை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

இந்த வெள்ளைக் களிமண் நம் வட்டாரத்தில் கிடைப்பதுதான் விருத்தாசலத்தில் செராமிக் தொழில் வேர்விட்டதற்குக் காரணம். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே அரசு நடத்தும் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கின்றன? மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருக்கிறார், பழகிய கைகள் இருக்கின்றன. ஆனால் விருத்தாசலம் என்றால் நம் நினைவுக்கு வருவது கார்த்திகைக்கு அகல் விளக்கும், கொலுவுக்குப் பொம்மையும்தான்.

ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் ஃபியூஸ் கேரியரும் இருந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, அதுதான். ஃபியூஸ் போனால் பிடுங்கி, கம்பி சுற்றி, திரும்பச் செருகுவோம். இப்போது எம்சிபி வந்துவிட்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. பாதுகாப்பானது, மின்வாரியக்காரன் என்ற முறையில் நானே அதைத்தான் வைக்கச் சொல்வேன். ஆனால் எம்சிபி பிளாஸ்டிக்கில் வருகிறது. ஒரு வீடு எம்சிபிக்கு மாறினால் அந்த வீட்டுக்கு இனிப் பீங்கான் ஃபியூஸ் தேவையில்லை. இப்படிப் பழைய பொருள் ஒன்று போகும்போது, அந்தச் சூளைக்குப் புதிய பொருள் ஒன்று வர வேண்டும். இல்லாவிட்டால் கைத்தொழில் சீசன் வேலையாகச் சுருங்கிவிடும். அந்தப் புதிய பொருள் ஏன் நாம் தினமும் வாயில் வைக்கும் கோப்பையாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நமக்கு வடக்கே புதுச்சேரியைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மையார் ஜப்பானில் இந்த வேலையைக் கற்றவர். அவர்கள் செய்தது வெறும் அழகுப் பொருள் இல்லை. தட்டு, கிண்ணம், கோப்பை, டீபாட் என்று வீட்டில் புழங்கும் சாமான்கள். உள்ளூர் ஆட்களுக்கு வேலை பழக்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் இந்தியாவின் பல ஊர்களில் தங்கள் சொந்தக் கூடங்களை வைத்திருக்கிறார்கள். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இத்தனை மட்பாண்டக் கலைஞர்கள் இருப்பதற்கு அந்த ஒரு கூடம் பெரிய காரணம். எங்கிருந்தோ வந்த இருவர் நம் கடற்கரையில் ஒரு சூளையை மூட்டி இதைச் செய்ய முடிந்தது என்றால், கல்வி நிலையமும் தொழிற்பேட்டையும் வைத்திருக்கும் விருத்தாசலத்தால் முடியாதா?

இப்போது கையால் செய்த கோப்பை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிறையப் பேருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. பீங்கான் சாமான் இரண்டு வழியில் உருவாகும். ஒன்று அச்சு. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தோசை மாவுபோல் ஆக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் படிந்து கெட்டியானதும் மீதியைக் கொட்டிவிடுவார்கள். விருத்தாசலத்துப் பொம்மைகள் பலவும் அப்படித்தான் பிறக்கின்றன. இதிலும் திறமை உண்டு, குறைத்துச் சொல்லவில்லை. இன்னொன்று திருகை. மண்ணைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோலக் காற்றுக் குமிழி போகும்வரை பிசைந்து, சுற்றும் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையால் மேலே தூக்குவது.

திருகையில் எழும்பிய கோப்பை அன்றைக்கே கோப்பையாகிவிடாது. அரைகுறையாகக் காய வேண்டும். தோல் பதத்துக்கு வந்ததும் திரும்பச் சக்கரத்தில் கவிழ்த்து அடிப்பாகத்தைச் சீவ வேண்டும். பிடியைத் தனியாக இழுத்து ஒட்ட வேண்டும். நிழலில் மெதுவாகக் காய்ந்ததும் ஒருமுறை சூளையில் சுட வேண்டும். அதன் பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடி மெருகு. அது ஒன்றும் மாயமில்லை. களிமண், படிகக்கல் பொடி, ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லின் பொடி, சில சமயம் விறகுச் சாம்பல். இந்தக் கரைசலில் முக்கி எடுத்து மறுபடி சூளை. ஸ்டோன்வேர் என்னும் கெட்டிப் பீங்கான் வகைக்கு இந்த இரண்டாவது சூடு 1,300 டிகிரி செல்சியசை ஒட்டிப் போகும். நம் செங்கல் காளவாய்ச் சூட்டைவிட இது பல நூறு டிகிரி அதிகம். ஈரமண்ணாக இருந்தபோது இருந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கோப்பை சுருங்கிவிடும். பிறகு சூளை தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விழும். இத்தனை வேலைக்கு இடையில் எங்கே வேண்டுமானாலும் ஒரு கோப்பை போய்விடலாம்.

ஆகவே வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கோப்பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். திருகையில் செய்ததென்றால் பெரும்பாலும் விரல் ஓடிய தடம் சுருள் சுருளாகத் தட்டுப்படும். கவிழ்த்து அடியைப் பாருங்கள். கிளேஸ் படாத வளையம் ஒன்று இருக்கும். அதுதான் கோப்பையின் ஜாதகம், எந்த மண், எப்படி வெந்தது என்று அங்கே தெரியும். உதட்டில் வைக்கும் ஓரம் மழுங்கலாக, வழுவழுப்பாக இருக்கிறதா பாருங்கள். பிடிக்குள் உங்கள் விரல் போகிறதா பாருங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு இது முக்கியம். அழகாக இருந்து விரல் போகாத பிடி, கதவு திறக்காத வீடு. பிறகு சுண்டிப் பாருங்கள், அந்த லைன் இன்ஸ்பெக்டர் சொன்னதுபோல.

இன்னொரு எச்சரிக்கை. அலங்காரத்துக்கென்று விற்கும் பீங்கான் சாமானில் டீ, புளித்தண்ணீர், எலுமிச்சை ரசம் எதுவும் ஊற்றாதீர்கள். குறைந்த சூட்டில் சுட்ட பளபளப்பான சில மெருகுகளில் ஈயம் சேர்ப்பது உண்டு. புளிப்பு பட்டால் அது கரைந்து வரும். சாப்பிடவும் குடிக்கவும் செய்ததுதானா என்று செய்தவரிடமே கேளுங்கள். நல்ல தொழிலாளி மறைக்க மாட்டார்.

டீபாட் வேறு கதை. உடல், மூடி, மூக்கு, பிடி என்று நான்கையும் தனித்தனியாகச் செய்து ஒன்றாகப் பொருத்த வேண்டும். நான்கும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். மூக்கின் நுனி பாத்திரத்தின் வாய் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நிரப்பும்போதே மூக்கு வழியாக வழியும். மூடியில் காற்றுப் போகத் துளை இல்லாவிட்டால் ஊற்றும்போது திக்கித் திக்கி வரும். சாய்த்தால் மூடி விழக் கூடாது. ஊற்றி நிமிர்த்தியதும் சொட்டு நிற்க வேண்டும், மேஜைத் துணியில் ஒழுகக் கூடாது. மட்பாண்டக்காரரின் கையை அறிய டீபாட்டைப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

"நாமோ பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்கிறவர்கள், நமக்கு எதற்கு டீபாட்?" என்று என் மனைவியே கேட்டாள். உண்மைதான், தினப்படிக்கு அது வேண்டாம். நீலகிரியிலிருந்து நல்ல இலைத் தேயிலை வந்தால் பால் சேர்க்காமல் அதில் போட்டு வைப்பேன். மழை நாளில் சுக்குமல்லிக் காப்பி அதில்தான். ஆனால் மூக்கு வைத்த பாத்திரம் நமக்குப் புதுசு என்று நினைக்காதீர்கள். கெண்டி என்று ஒன்று நம் வீடுகளில் இருந்ததே, மூக்குள்ள செம்பு! அதற்கு இலையைப் போட்டு ஒரு மூடி வைத்தால் டீபாட்தான்.

பீங்கானும் நமக்குப் புதுசு இல்லை. எங்கள் ஊரிலிருந்து சேத்தியாத்தோப்பு தாண்டி, வீராணம் ஏரிக்கரையோடு தெற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே மாளிகைமேட்டில் அகழாய்வு செய்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சோழ மன்னர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூது அனுப்பியதைச் சீனர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த மட்பாண்டங்களின் ஓடுகள் வந்தன. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் உலகின் நல்ல கோப்பைகள் வந்து இறங்கிய கரை இது. பிற்காலத்தில் சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் தேயிலை ஏற்றிய கப்பல்களில், ஈரம் பட்டாலும் கெடாத பீங்கானை அடித்தளத்தில் அடுக்கி, அதற்கு மேல் தேயிலைப் பெட்டிகளை வைத்தார்கள். அந்தச் சீனக் கோப்பைக்குப் பிடி கிடையாது. சூட்டுக்குப் பயந்த ஐரோப்பியர்கள்தான் பிடியைப் பெரிய வழக்கமாக்கினார்கள். ஜெர்மனியின் மைசன் நகரில் 1710-இல் ஆலை வைத்த பிறகே சீனத்துக்கு நிகரான பீங்கானை அவர்களால் செய்து விற்க முடிந்தது.

சேர்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கோயில் ஒன்றில் கிசாயெமொன் என்ற பெயருள்ள தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. அந்நாட்டின் தேசியப் பொக்கிஷம். அடுக்கடுக்கான பெட்டிகளுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஜப்பானின் நாட்டுப்புறக் கைத்தொழில்களுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசிய யானகி சோயெட்சு அதை நேரில் பார்த்துவிட்டு எழுதியது என்ன தெரியுமா? கொரியாவில் பெயர் தெரியாத ஒரு குயவர், சாதாரணக் குடும்பங்கள் சோறு சாப்பிடுவதற்காக விலை மலிவாகச் செய்த கிண்ணம் அது என்பதுதான். யாரும் அதைப் பொக்கிஷமாகச் செய்யவில்லை. புழங்குவதற்காகச் செய்தார்கள். அந்தப் புழக்கத்துக்கான எளிமையும் உறுதியுமே பின்னால் வந்த தேநீர் ஆசான்களின் கண்ணுக்கு அழகாகப் பட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கோப்பையைச் சேர்ப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. தபால்தலையை ஒட்டினால் அதன் மதிப்புப் போகும். கோப்பையை வைத்திருந்து அதில் குடிக்காவிட்டால்தான் அதன் மதிப்புப் போகும். கையில் வாங்கும் சூடு, உதட்டில் படும் ஓரம், காலியானதும் அடியில் தெரியும் நிறம், இவையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த டீ செட் ஷோகேஸில் மூப்படைந்து, ஒருநாள் பேரனின் பந்து பட்டு உடைகிறது. அது ஒரு டீயைக்கூடப் பார்த்திருக்காது.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனால் டீக் கோப்பையைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் முழுமையாகாது. நம் தமிழ்நாட்டில் குவளை என்பது வெறும் குவளையாக இருந்ததில்லை. இரட்டைக் குவளை என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். உட்கார்ந்து குடிப்பவருக்கு ஒரு கிளாஸ், வெளியே நின்று குடிப்பவருக்கு வேறு கிளாஸ், சில இடங்களில் கொட்டாங்குச்சி. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருக்கிறோம். சில வீடுகளின் கொல்லைப்புறத்திலும் வேலைக்கு வருபவர்களுக்கென்று ஒரு தனி டம்ளர் கவிழ்ந்திருக்கும். வடக்கே மண் குவளையில் குடித்துவிட்டு உடைத்தெறியும் வழக்கத்துக்குச் சுத்தம் ஒரு காரணம் என்றால், ஒருவர் வாய் வைத்ததை மற்றவர் தொடக் கூடாது என்ற தீட்டும் ஒரு காரணம். 2004-இல் ரயில்வே அமைச்சராக வந்த லாலு பிரசாத் அந்த மண் குவளையை ரயில் நிலையங்களுக்குக் கொண்டுவந்தார். குயவர்களுக்கு வேலை கிடைக்க அது நல்ல யோசனை. ஆனாலும் என் ஓட்டு உடைக்கிற குவளைக்கு இல்லை, கழுவி வைத்து அடுத்தவருக்கும் கொடுக்கிற கோப்பைக்குத்தான்.

எங்கள் வீட்டில் பதினாலு கோப்பை இருக்கிறது. இரண்டு ஒன்றுபோல் இல்லை. யார் வந்தாலும் தட்டில் நாலைந்தை வைத்து, "எது வேணுமோ எடுத்துக்குங்க" என்று நீட்டுவாள் என் மனைவி. சம்பந்தி வந்தாலும் அதே தட்டு, களையெடுக்க வந்த அம்மா வந்தாலும் அதே தட்டு. காஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி ஒவ்வொரு முறையும் அந்த நீலக் கோப்பையைத்தான் எடுப்பார். "இது கையில நல்லா உக்காருதுங்கய்யா" என்பார். கோப்பையை அறிந்தவர் என்றால் எங்கள் வீட்டுக்கு வருபவர்களில் அவரைத்தான் முதலில் சொல்வேன். ஒரே மாதிரி செட் என்றால், நல்ல செட், சாதா செட் என்று பிரிக்கத் தோன்றும். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கும்போது எதை யாருக்கு ஒதுக்குவது? கையால் செய்த கோப்பையில் எனக்குப் பிடித்த பெரிய குணம் இதுதான்.

விலைக்கு வருவோம். நான் முதலில் வாங்கிய கோப்பை 350 ரூபாய். "அண்ணே, அந்தக் காசுக்கு ஒரு டஜன் கிளாஸ் வாங்கலாமே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வாங்கலாம். ஆனால் மேலே எழுதிய வேலையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பிசைவதிலிருந்து சூளை ஆறுவதுவரை எத்தனை நாள், எத்தனை கை, எத்தனை விறகு அல்லது காஸ்? உடைந்துபோன கோப்பையின் கூலியும் உடையாத கோப்பையின் விலைக்குள்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் ஒருநாள் பிரியாணி சாப்பிட்டால் ஆகும் செலவைவிட இது குறைவு. அந்தக் கோப்பையில் நான் ஒருநாளைக்கு இரண்டு டீ வீதம் ஆறு வருஷமாகக் குடிக்கிறேன். ஒரு டீக்கு எத்தனை பைசா விழுகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பென்ஷன்காரனுக்குக் கணக்கு தெரியாதா என்ன? மாதம் ஒன்று வாங்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு போதும்.

உடைந்துவிடுமே என்ற பயமா? உடையும். என்னிடமே மூன்று உடைந்திருக்கின்றன. பொங்கும் டீயைச் சில்லென்ற கோப்பையில் அப்படியே ஊற்றாமல், முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசிவிட்டு ஊற்றினால் விரிசல் விழாது. அலுமினியப் பாத்திரங்களோடு சிங்கில் போட்டு உருட்டாதீர்கள். அதையும் மீறி உடைந்தால் துண்டுகளைப் பூந்தொட்டியில் போடுங்கள். பிறகு போய் இன்னொன்று வாங்குங்கள். உடையவே உடையாத சாமானையே எல்லோரும் வாங்கினால், செய்கிறவருக்கு நாளைக்கு வேலை ஏது?

விருத்தாசலத்துத் தொழில்காரர்களுக்கும் என் பங்குக்கு ஒரு சொல். அகலும் பொம்மையும் உங்களுக்குச் சீசனில்தான் சோறு போடும். டீ வருஷம் முழுக்க ஓடும். அச்சில் வார்ப்பதோடு நிற்காமல், திருகையில் நல்ல கோப்பை செய்யும் பிள்ளைகள் நாலு பேர் அந்தக் கல்வி நிலையத்திலிருந்து கிளம்பட்டும். கோப்பையின் அடியில் ஊர் பெயரையும் செய்தவர் பெயரையும் முத்திரையாகப் பதியுங்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் இருந்தால்தான் விலை, விலை இருந்தால்தான் அடுத்த தலைமுறை திருகை முன்னால் உட்காரும்.

இதில் பாதி வேலை நம்முடையது. நாம் கேட்காத பொருளை அவர்கள் எதற்குச் செய்ய வேண்டும்? கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போகிறோம், மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றுக்குப் போகிறோம், பஸ் மாறுவதற்காகவாவது விருத்தாசலத்தில் இறங்குகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செராமிக் பேட்டைப் பக்கம் போய்வாருங்கள். அகல் மட்டும் வாங்காமல், "டீ குடிக்கிற மாதிரி கோப்பை செய்வீங்களா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அது கடையில் இருக்கும். பேத்தி கல்யாணத்துக்குப் பரிசு கொடுப்பதானாலும் சுவர்க்கடிகாரத்தை விட்டுவிட்டு இரண்டு கோப்பை கொடுங்கள்.

நம் காலடி மண்ணின் ஒரு பங்கு கரண்டாகி ஊரெல்லாம் எரிகிறது. இன்னொரு பங்கு கோப்பையாகி நம் கையில் இருக்கட்டும். வாங்கியவர்கள் அதை ஷோகேஸில் வைத்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம். டீ ஊற்றிக் குடித்துவிட்டு, பிடி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.